மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வாசல்

அந்த வீட்டில் நாய்க்கு மேனேஜர் என்று பெயர். வாசலில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்குப் போகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்ப்பதைத் தவிர அது வேறொரு வேலையும் செய்ததில்லை. பூனைக்கு மாமியார் என்று பெயர். காரணம் சொல்ல வேண்டியதில்லை. கூண்டில் இருந்த சாம்பல் நிறக் கொண்டைப் பறவைக்குப் பெயர் மணிக்கூண்டு. ஓட்டக்காரர்கள் கட்டும் கைக்கடிகாரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எழுப்பும் 'பீப்' ஒலியை அது அச்சு அசலாகக் கற்று வைத்திருந்தது. சமையல் நடுவே அது ஒரு பீப் விட்டால், வீட்டுக்காரி கரண்டியும் கையுமாகத் தன் மணிக்கட்டைப் பார்ப்பாள்.

வீட்டுக்காரிக்கும் பட்டப்பெயர் இருந்தது. அதை வைத்தது எதிர்வீட்டுத் தையல்காரர்: பம்பரம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் ஓடுவதை எண்ணுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எண்ணுவதற்கு வசதியான ஓட்டம்தான் அது. தன் வீட்டு வாசலில் கிளம்புவாள். தெருமுனை, பஸ் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடச் சுவர் என்று சுற்றி, மூன்று கிலோமீட்டர் முடித்துத் தன் வாசலுக்கே வருவாள். கேட் கம்பிகளுக்கிடையே மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மேனேஜரின் தலையைத் தடவி, "வந்துட்டேன் பாரு" என்பாள். அரை நிமிடம். மறுபடி கிளம்புவாள். சில ஞாயிறுகளில் பத்துச் சுற்று.

"சாட்டையை விட்டவன் எங்க இருக்கானோ தெரியல, பம்பரம் மட்டும் நிக்காம சுத்துது" என்றார் தையல்காரர் ஒருநாள். தெரு சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, யாரென்றே தெரியாதவர்களின் வாய்க்குப் பல் வரிசை கட்டுவது. பத்து மணி நேரம் ஒரே முக்காலி. நான்கு வருடத்துக்கு முன்னால் முதுகு மக்கர் செய்ய, "நடங்க" என்றார் டாக்டர். நடந்தாள். நடை ஓட்டமானது. ஓட்டம், ஏன் என்று அவளுக்கே தெரியாமல், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தான் மீது ஆசையானது. நாளெல்லாம் அடுத்தவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, யாரோடும் பேச வேண்டாத ஒரு நீண்ட சாலை தேவைப்பட்டது போலும்.

போன வருடம் முதல்முறையாகப் போனாள். ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. வேகம் பத்தாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு பஸ் கடைசியில் ஊர்ந்து வரும். ஆரம்பத்தில் காற்றாய்ப் பறந்தவளின் கால், முப்பதில் கல்லானது. முப்பத்துநாலில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. வியர்வை படாமல் இருக்க இருக்கைகளுக்குப் பாலித்தீன் போட்டிருந்தார்கள். உட்கார்ந்தபோது அது எழுப்பிய சரசரப்பு, அதன்பின் எத்தனையோ நாள் தூக்கத்தில் அவளுக்குக் கேட்டது.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்றாள் கணவனிடம். "முடிஞ்சா ஓடிக்கிட்டே இருப்பேன். முடியலைன்னா ஷூவைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, மத்த ஜனம் மாதிரி ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் தூங்குவேன்."

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஏறுவதும் இறங்குவதுமே பிழைப்பு என்பதால் இரண்டிலும் பதறாதவர். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ தூங்க மாட்ட" என்றார்.

அதற்கு அடுத்த மாதம்தான் மேனேஜர் வந்தது. அவளுடைய நாத்தனார் வெளிநாட்டில் மகனோடு இருக்கப் போகும்போது தன் ஒன்பது வயது நாயைத் தம்பி வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். கிளம்பும் அன்று பயணத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஓட்டக்காரர்கள் போடும் ஷூ போட்டிருந்தாள். அந்த ஷூ கேட்டைத் தாண்டிப் போனதை மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வரவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

அதிலிருந்து அதற்கு ஒரு கணக்கு. பம்பரம் செருப்புப் போட்டு வேலைக்குப் போனால் பத்து மணி நேரம் ஆனாலும் கவலையில்லை. கால்மிதியில் படுத்துத் தூங்கும். ஷூ போட்டுப் போனால் இருபத்தைந்து நிமிடம் பொறுக்கும். இருபத்தாறாவது நிமிடம் தலையை வானத்துக்குத் தூக்கி ஊளையிட ஆரம்பிக்கும். சாதாரண ஊளை இல்லை. சாவு வீடு என்று நினைத்து இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். செருப்போடு கிளம்பி, தையல்காரர் வீட்டில் ஒளித்து வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு நாள் பலித்தது; மூன்றாம் நாள் மேனேஜர் தையல்காரர் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டது. கணவன் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்துப் பார்த்தார். அது அவரை ஆளாகவே மதிக்கவில்லை. போதாக்குறைக்கு மாமியார் வேறு. ஓடும் காலையில் மட்டும் ஷூவுக்குள் சுருண்டு படுக்கும். எடுக்கப் போனால், 'இந்த வீட்டில் எனக்கு இதுகூடக் கிடையாதா' என்பது போல ஒரு பார்வை.

கடைசியில் அவளே வழி கண்டாள். மூன்று கிலோமீட்டருக்கு இருபத்துநாலு நிமிடம். நாயின் பொறுமைக்கு ஒரு நிமிடம் முந்தி வாசலுக்கு வந்துவிடலாம். முகத்தைக் காட்டி, தலையைத் தடவி, மறுபடி கிளம்பினால் கணக்குப் புதிதாகத் தொடங்கும்.

இது அவளுக்குப் பயிற்சி கொடுத்த டிரில் மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். வாராவாரம் அட்டவணை எழுதிக் கொடுப்பார். அதை மேசையில் விரித்தால் மாமியார் அதன்மேல் படுத்து, தேவையான தேதியை மறைத்துக்கொள்ளும்.

"முப்பது ஓடுனேன்னு சொல்றீங்க" என்றார் மாஸ்டர். "அது முப்பது இல்லம்மா. பத்து மூணு."

"பத்து மூணு முப்பதுதானே மாஸ்டர்."

"வாய்ப்பாட்டுல. கால்ல இல்ல. ஓட்டத்துக்கு நடுவுல நிறுத்தி நாயைக் கொஞ்சலாம்னு எந்தப் புஸ்தகத்துலயும் போடல. கால் அதையே பழகிக்கும். ஒரே ஒரு தடவை, நிக்காம, நேரா ஓடிக் காட்டுங்க. இல்லாட்டி போன வருஷம் ஏறுன பஸ்லயே சீட்டுப் போட்டு வைக்கச் சொல்றேன்."

அந்தக் கடைசி வார்த்தை தைத்தது. அடுத்த ஞாயிறு மேனேஜரைப் படுக்கையறையில் விட்டு, டிவியைச் சத்தமாகப் போட்டு, கதவைச் சாத்திக் கணவனைக் காவல் வைத்துவிட்டு ஆற்றோரச் சாலையில் நேராக ஓடினாள். நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் ஒரு பக்கம், மரங்கள் ஒரு பக்கம். தன் மூச்சைத் தவிர வேறு எதுவும் கேட்காத அந்த அமைதிக்காகத்தானே இத்தனையும் என்று நினைத்துக்கொண்டாள். பதினோராவது கிலோமீட்டரில் போன் அடித்தது.

"ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருந்தான்" என்றார் கணவன். மூச்சு வாங்கியது. "திடீர்னு சத்தம் நின்னுச்சு. என்னமோ ஏதோன்னு கதவத் திறந்தேன். என் காலுக்கு நடுவுல பூந்து போயிட்டான். தெருவெல்லாம் தேடிட்டேன். காணோம்."

கிடைத்த வண்டியில் ஏறி வந்தாள். இரண்டு பேரும் சந்து சந்தாகத் தேடினார்கள். பிறகுதான் அவளுக்குப் பொறிதட்டியது. தன்னுடைய சுற்றுப் பாதையில், தான் ஓடும் திசைக்கு எதிராக நடந்தாள். பாதித் தூரத்தில், பஸ் நிறுத்தத்தின் பெஞ்சுக்கு அடியில் மேனேஜர் கிடந்தது. பின்னங்கால் இடுப்பு அதற்கு ஏற்கெனவே சரியில்லை, எழ முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் போட்ட பிஸ்கட் முன்னால் அப்படியே இருந்தது. அவளைப் பார்த்ததும் வால் மட்டும் தரையில் இரண்டு தட்டுத் தட்டியது.

அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் டிரில் மாஸ்டர் போன் செய்தார். "எத்தனை ஓடுனீங்க?"

"பதினொண்ணு. அப்புறம் ஒண்ணரை, இருபத்தெட்டு கிலோ எடையோட."

"எடைப் பயிற்சி நான் எழுதிக் குடுக்கலையே."

அவள் போனை வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கணவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் அவர்களுக்கு இருபத்தைந்து வருடப் பழக்கம் உண்டு. அந்த மௌனத்துக்குள் கேள்வியும் பதிலும் தாமாக நடந்து முடிந்துவிடும். அவள் மடியில் மேனேஜரின் தலை கனத்தது. கதவைத் திறந்தது தன் தப்பு என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்று அவளும் சொல்லவில்லை.

இருட்டத் தொடங்கியதும், "சுத்தியே ஓடு" என்றார்.

"சுத்தி ஓடி முடிக்க முடியுமா?"

"தெரியாது. ஆனா இவன் இப்படியே இருந்தான்னா நீ நேரா ஓடியும் முடிக்க மாட்ட. பாதி மனசு பஸ் ஸ்டாப்லயே நிக்கும்."

அதற்குப் பிறகு பேச்சில்லை. சுற்றுதான். அட்டவணையில் இருபத்துநாலு என்றால் எட்டுச் சுற்று, முப்பத்துமூன்று என்றால் பதினொன்று. தையல்காரர் எண்ணிக்கையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். மழை பெய்த ஞாயிறு ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டி விரல் காட்டினார்.

மாரத்தானுக்கு முந்தின நாள் கணவன் வீடு வீடாகப் போனார். "நாளைக்குக் காலைல ஆறு மணி நேரம் எங்க நாய் அழும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அழட்டும். என் மெஷின் சத்தத்துல எனக்கு இடி விழுந்தாலும் கேக்காது" என்றார் தையல்காரர். "பம்பரத்துக்கிட்ட மட்டும் சொல்லுங்க, நாளைக்கு வளைக்க வேண்டாம்னு. பழக்க தோஷத்துல எங்கயாவது திரும்பிடப் போறாங்க."

நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை மாமியார் இரவோடு இரவாக மென்று வைத்திருந்தது. கடைசி எண் இருந்த மூலையைக் காணோம். "ஆசீர்வாதம் பண்ணியிருக்காங்க" என்றார் கணவன்.

இன்னும் விடியாத காலை ஐந்து மணிக்கு ஓட்டம் கிளம்பியது. ஆற்றோரம் நேராக இருபத்தொரு கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்ப வேண்டும். வளைவே இல்லாத சாலை. பம்பரம் கூட்டத்தின் வாலில் நிதானமாக ஓடினாள். மூச்சு சீராக இருந்தது. மூன்றாவது கிலோமீட்டர் பலகை வந்தது.

கால் நின்றது.

அவள் நிறுத்தவில்லை. அதுவாக நின்றது. நின்றதோடு இல்லாமல் முதுகு குனிந்தது, வலது கை இடுப்புயரத்துக்குக் கீழே நீண்டு, அங்கே இல்லாத ஒரு தலையைத் தடவப் போனது. பின்னால் வந்தவர் இடித்துத் தடுமாறினார்.

"என்னக்கா, ஏதாவது விழுந்துடுச்சா?"

"இல்ல தம்பி. நீங்க போங்க."

போய்விட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். பனியனில் போக்குவரத்துக் கழகத்தின் சின்னம். அவள் காலை உதறிக்கொண்டு கிளம்பினாள். டிரில் மாஸ்டர் சொன்னது காதில் ஒலித்தது: கால் அதையே பழகிக்கும்.

ஆறாவது கிலோமீட்டரிலும் அதே கதை. இந்தமுறை தண்ணீர்ப் பந்தலில் நின்ற பெண்ணின் தலைக்கே கை போய்விட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தம்ளரை நீட்டினாள். பம்பரத்துக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்பதில் விடக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். பலகை வந்தபோது காலை இழுத்துப் பிடித்துத் தாண்டினாள். தாண்டியது உடம்புதான். நூறடி போவதற்குள் விலாவில் குத்தியது. மூச்சும் அடியும் இரண்டு பக்கம் இழுக்கும் மாடுகள் மாதிரி ஆகிவிட்டன. அந்த மூன்று கிலோமீட்டருக்கு முப்பது நிமிடம் பிடித்தது. ஆறு நிமிடம் நஷ்டம்.

பன்னிரண்டாவது பலகையில் அவள் சண்டையை விட்டாள். பிளாஸ்டர் இறுகும்வரை அச்சை எடுக்கக் கூடாது என்று கூடத்தில் புதிதாக வருகிறவர்களுக்குத் தினமும் சொல்கிறவள் அவள்தான். அவசரப்பட்டால் பல்லோடு தாடையும் கையில் வரும். நின்றாள். சாலையோரம் வைத்திருந்த சிவப்பு பிளாஸ்டிக் கூம்பின் தலையைத் தடவி, "வந்துட்டேன் பாரு" என்றாள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கூம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அரை நிமிடம். கால் புதிதாகக் கிளம்பியது. அடுத்த மூன்றுக்கு இருபத்துநாலே நிமிடம்.

பதினைந்துக்கு முன்னால் போக்குவரத்துக் கழகத்துக்காரரைப் பிடித்தாள். பதினைந்தில் நின்றாள், அவர் முந்தினார். பதினேழில் மறுபடி பிடித்தாள்.

"அக்கா, நான் பஸ் கண்டக்டர். எத்தனையோ வண்டி பாத்திருக்கேன்" என்றார் அவர் ஓடிக்கொண்டே. "நீங்க மூணு கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டாப் போடுறீங்க. டவுன் பஸ்."

"நீங்க?"

"நான் எக்ஸ்பிரஸ். நடுவுல நிக்கிற பேச்சே இல்ல."

"ஆமா, கை காட்டுனாக்கூட நிக்க மாட்டீங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

அவர் சிரித்ததில் மூச்சுத் தப்பியது. "எதுக்கு நிக்கிறீங்கன்னு சொல்லலாமா?"

சொன்னாள். நாய், ஷூ, வாசல், இருபத்தைந்து நிமிடம். பதினெட்டில் அவள் நின்றபோது அவர் திரும்பிப் பார்த்து, "இறங்குறவங்க இறங்கலாம்" என்று கத்திவிட்டுப் போனார்.

வெயில் ஏறியது. இருபத்தொன்றில் திரும்பினாள். இருபத்துநாலில் ஒரு வேலிக்கம்பம், இருபத்தேழில் மின்கம்பத்தின் அடி, முப்பதில் இன்னொரு தண்ணீர்ப் பந்தலில் நின்ற, அந்த ஆறாம் கிலோமீட்டர்ப் பெண்ணின் தோழி. இவள் முன்கூட்டியே கேள்விப்பட்டிருந்தாள் போல, தானாகவே தலையைக் குனிந்து காட்டினாள். போன வருடம் கல்லான கால் இந்த வருடம் முப்பதைத் தாண்டியது தனக்கே தெரியாமல். கால் அறிந்ததெல்லாம் மூன்று. பதினோராவது மூன்று போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு என்ற பெரிய எண்ணை யாரும் அதனிடம் சொல்லவில்லை.

முப்பத்துமூன்றாவது பலகைக்குக் கீழே கண்டக்டர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கெண்டைச் சதையும் முறுக்கிக்கொண்டிருந்தன. அவர் பார்வை அவளுக்குப் பின்னால் போனது. அவளும் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், சாலையின் வெள்ளைக் கோட்டை ஒட்டி, அந்தப் பஸ்.

"எக்ஸ்பிரஸ் பிரேக்டவுன்க்கா. அதோ மாத்து வண்டி வருது."

அவளுக்கு அங்கே நின்றுதான் ஆக வேண்டும். நின்றாள். குனிந்தாள். கை அதன்போக்கில் போய் அவருடைய வியர்த்த தலையைத் தடவியது.

"வந்துட்டேன் பாரு" என்றாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது.

கண்டக்டர் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்க, அவள் அவர் கால் விரல்களைப் பிடித்து மேல்நோக்கி வளைத்து அழுத்தினாள். பல் செய்யும் விரல்களுக்கு வலு அதிகம். இரண்டு நிமிடம் போயிற்று.

"அந்தப் பஸ் சீட்டுல பாலித்தீன் போட்டிருப்பாங்க" என்றாள் அவள். "உக்காந்தா சத்தம் போடும். வேண்டாம். எந்திரிங்க தம்பி. மூணு கிலோமீட்டர்தான்."

"ஒம்போது இருக்குக்கா."

"எனக்கு மூணுதான் தெரியும்."

எழுந்தார். முப்பத்தாறில் இருவரும் நின்றார்கள். முப்பத்தொன்பதில் நின்றார்கள். பஸ் சில சமயம் நெருங்கியது, சில சமயம் வேறு யாரையோ ஏற்றிக்கொள்ள நின்று பின்தங்கியது. பேச்சு நின்றுபோயிருந்தது. காலடிச் சத்தம் மட்டும் இரண்டு பேருடையதும் ஒன்றாகக் கேட்டது. பேசாமல் ஒருவரோடு இத்தனை தூரம் போக முடிகிறதே என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. வீட்டுக்கு வெளியே அவளுக்கு அப்படி வாய்த்ததில்லை.

நாற்பத்திரண்டாவது கிலோமீட்டர்ப் பலகை தெரிந்தது. அதற்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில், முடிவுக் கோட்டின் அலங்கார வளைவு. இன்னும் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர். கடிகாரத்தில் ஐந்து மணி நேரம் ஐம்பத்தேழு நிமிடம் நாற்பது விநாடி. இரண்டு பக்கமும் ஜனம் கை தட்டியது.

பலகைக்கு நேராக வந்ததும் கால் நின்றது.

பதினாலு மூணு நாற்பத்திரண்டு. வாய்ப்பாடு பிசகவில்லை. கால் தன் வாசலுக்கு வந்துவிட்டது.

"அக்கா, என்னக்கா பண்றீங்க, அதோ தெரியுதுக்கா" என்றார் கண்டக்டர். ஓரத்தில் நின்றவர்கள் அலறினார்கள். யாரோ ஒரு பெரியவர் தடுப்பைத் தாண்டித் தள்ளிவிட வந்தார். கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஒன்பதாவது கிலோமீட்டரில் அப்படித்தான் ஓடினாள். இப்போது விலாவில் குத்தினால் நூற்றுத் தொண்ணூற்றைந்து மீட்டர் ஒரு காத தூரம் ஆகும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கூச்சல் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. குனிந்தாள். கையைத் தொங்கவிட்டாள். இந்தத் தடவை தடவ எதுவும் வேண்டியிருக்கவில்லை. கூம்பும் இல்லை, கம்பமும் இல்லை. வெறும் காற்று விரல்களுக்கிடையே போயிற்று.

"நீங்க போங்க தம்பி."

"பேசாம நில்லுங்கக்கா. நானும் இறங்கிட்டேன்."

முப்பது விநாடி. தன் வாழ்நாளில் அவள் இருந்த மௌனங்களிலேயே சத்தமான மௌனம் அதுதான்.

கண்ணைத் திறந்தபோது கால் ஏற்கெனவே நகர்ந்திருந்தது. ஓடினாள். வேகமாக இல்லை, அவளுக்கு வேகம் தெரியாது. எப்போதும் வாசலிலிருந்து கிளம்பும் அதே நடை, முதல் சுற்றின் முதல் நூறடி போல. பக்கத்தில் கண்டக்டர் நொண்டிக்கொண்டே வந்தார். வளைவின் மேலிருந்த எண்கள் ஐம்பத்தொன்பதைக் காட்டி நாற்பது, நாற்பத்தொன்று என்று ஓடின. கோட்டை மிதித்தார்கள். நாற்பத்தேழு. பத்தடி போய்த் திரும்பியபோது இரண்டு பேர் கோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பஸ் வந்து நின்றது. அதன் டிரைவர் இறங்கி, இவர்கள் இருவரையும் பார்த்து, சும்மா ஒருமுறை ஹாரன் அடிக்க மறுபடி உள்ளே ஏறினார்.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டவர் ஒரு மூலை போன எண் அட்டையை உற்றுப் பார்த்து, "கடைசி நம்பர் என்னம்மா?" என்றார்.

"பூனைகிட்ட இருக்குங்க" என்றாள்.

நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து கணவனுக்குப் போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

"முடிச்சுட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ வண்டியின் இன்ஜின் அணைந்தது.

"மிச்சம் எவ்வளவு இருந்துச்சு?"

"பதிமூணு செகண்ட்."

"பதிமூணு செகண்ட்ல லிஃப்ட்ல நாலு மாடி ஏறிடலாம்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சினார். "தாராளமா ஏறலாம்."

"அவன் என்ன பண்றான்? ரொம்ப அழுதானா?"

"முதல் ஒரு மணி நேரம் தெருவே தாங்கல. சரி, உன்னைத் தேடுறான், நீ ஓடுற வழியைக் காட்டுனா சமாதானம் ஆவான்னு சர்வீஸ் வேன்ல முன்னாடி உக்கார வச்சு ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனேன். ஜன்னலுக்கு வெளிய தலையை நீட்டுனவன்தான், மூச்சுக் காட்டல. வீட்டுக்கு வந்து இறக்குனா மறுபடி ஊளை. இன்னொரு சுத்து. இப்படியே விடியக்காலைலேர்ந்து சுத்திக்கிட்டு இருக்கேன். பெட்ரோல் பங்குக்காரன் ரெண்டு தடவை பாத்துட்டு, எங்கயாவது வழி தவறிட்டீங்களான்னு கேட்டான்."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"வண்டிக்குள்ளதான். நான் இறங்கினா கடிப்பேங்குறான். உன்னை எல்லாம் மறந்தே போயிட்டான்னு நெனைக்கிறேன்."

அவள் சிரித்தாள். கால், இடுப்பு, தோள் எல்லாம் சேர்ந்து வலித்தன. வலிக்க வலிக்கச் சிரித்தாள். பக்கத்தில் மல்லாந்து கிடந்த கண்டக்டர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, காரணம் தெரியாமலே தானும் சிரித்தார்.

"அப்ப நேரா இங்க வாங்க" என்றாள். "ஆத்தோர ரோட்டுல. வளைக்கவே வேண்டாம். எனக்கு எந்திரிக்க முடியல."

"வரோம். நாப்பது நிமிஷம் ஆகும். பரவாயில்லையா?"

"ஆகட்டும்" என்றாள் பம்பரம். ஷூவின் முடிச்சை அவிழ்த்து, இரண்டையும் பக்கத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.